கூரை பிரித்து மூட்டிய அடுப்பு

சிவமயம்



கார்த்திகை விளக்கீடு வருகிறது. ஊரில் இந்நாளில் வாசலில் வாழைக்குற்றி நட்டு, அதன்மேல் சிரட்டையில் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்துவோம். கோயில் வீதியில் சொக்கப்பனை எரியும். இங்கே குளிரிலும் மழையிலும் வாசலில் விளக்கு நிற்பதில்லை. ஆகவே யன்னல் ஓரத்தில் சிறு சுட்டியை வைத்து மனநிறைவு கொள்கிறோம். மண்டபத்தில் விளக்கீட்டன்று பேசும்படி பரிபாலன சபையார் என்னைக் கேட்டபோது, நான் சமய அறிஞன் அல்லன், கணக்காளன் என்று சொல்லி விலகப் பார்த்தேன். "கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லும்" என்றார் தலைவர். அன்று சொல்லப் போவதையே இங்கு எழுதித் தருகிறேன். இளம்பிள்ளைகளுக்காக இதன் ஆங்கிலச் சுருக்கம் அடுத்த பக்கத்தில் உள்ளது.

நாயனார் வீட்டில் விறகில்லை

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றை அறியாதவர் நம்மிடையே இல்லை. அடியாரை அமுதூட்டியே தம் செல்வமெல்லாம் கரைந்த வேளாண் பெருமகனார் அவர். நிலத்தை விற்றார், கடன் வாங்கினார், பிறகு கடன் கொடுப்பாரும் இல்லாமற் போயினர். மழைக்காலத்து இரவொன்றில், கணவனும் மனைவியும் பசியோடு கதவடைத்துக் கிடந்த நேரத்தில், இறைவன் அடியார் வேடத்தில் நனைந்து வந்து நின்றான். பகலில் விதைத்த முளைநெல்லை இரவில் வாரிவந்து சோறாக்கினார்கள். குழியில் நின்ற முதிராத கீரையைப் பறித்துக் கறியாக்கினார்கள். விருந்தினரை எழுப்பியபோது அவர் சோதியாய் நின்றார்.

பிரசங்கங்களில் நாம் பெரும்பாலும் விதைநெல்லையே பேசுவோம். இவ்விடத்தில் வேறு இரண்டு செய்திகளைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, நாயனார் அந்த விருந்தினருக்கு முதன்முதலில் செய்தது என்ன? உணவு கொடுக்கவில்லை, உணவு இருக்கவும் இல்லை. நனைந்த மேனியின் ஈரத்தைத் துவட்டி, உள்ளே இருக்க இடம் கொடுத்தார். பசியைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே குளிரைப் போக்கினார். அன்னதானத்துக்கு முந்திய தானம் ஒன்று உண்டு என்பதை இச்செயல் காட்டுகிறது.

இரண்டாவது, நெல் வந்தபின் அம்மையார் கேட்டது விறகு. வீட்டில் விறகு இல்லை. மழைநாளில் வெளியே காய்ந்த சுள்ளியும் கிடைக்காது. நாயனார் நிமிர்ந்து பார்த்தார், தம் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துக் கொடுத்தார். கணக்காளன் கண்ணுக்கு இது நன்றாகத் தெரிகிறது. நிலம் என்ற முதல் போயிற்று, விதை என்ற அடுத்த ஆண்டின் முதல் போயிற்று, கடைசியாகத் தலைக்கு மேலிருந்த கூரையும் எரிபொருளாகப் போயிற்று. அரிசி இருந்தும் அடுப்பு எரியாத வீடு உண்டு என்பதை நமது புராணம் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. அதனை நாம் கவனிக்கவில்லை.

ஜாம் போத்தல் விளக்கு

நான் கவனித்திருக்க வேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பத்து வயது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்னைப் போலாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு திரியில் எரியும் விளக்கிலேதான் எமது தலைமுறை படித்தது. எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் தனித்தனியே விளக்கு வைக்கக் கட்டாது என்று கண்ட அம்மா, வேலிப் பொட்டுக்கால் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஒரு போத்தலைச் சுற்றி ஆறு பிள்ளைகள் இருந்தோம். என் முதுகு இருட்டில் இருந்தாலும் புத்தகம் வெளிச்சத்தில் இருந்தது.

அப்படி வளர்ந்த நான் பல்கலைக்கழகம் சென்று, அகதியாக இந்நாட்டுக்கு வந்து, கணக்காளனாகி, கோயிலின் தனாதிகாரியும் ஆனபின் செய்த ஒரு காரியத்தை இப்போது சொல்ல வேண்டும்.

நான் எழுதிய சிக்கனம்

2022ஆம் ஆண்டில் எரிவாயு விலை ஏறியதை எல்லோரும் அறிவீர்கள். வீடுகளுக்கு விலை உச்சவரம்பு என்ற பாதுகாப்பு 2019 தொடக்கம் இருந்து வருகிறது. கோயில் போன்ற இடங்களுக்கு அது இல்லை. எமது ஒப்பந்தம் முடிந்து புதிய விலை வந்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கே குறைக்கலாம் என்று தேடினேன். மத்தியானப் பூசை முடிந்து மாலைப் பூசை தொடங்கும் வரை மண்டபத்தில் எவரும் இல்லாதபோது ஹீற்றர் எதற்கு என்று எழுதினேன். சபை ஏற்றுக்கொண்டது. மார்கழி தொடக்கம் அந்த நேரத்தில் ஹீற்றர் நின்றது. அடுத்த கூட்டத்தில் மிச்சம் பிடித்த தொகையை வாசித்தேன், கை தட்டினார்கள்.

"எவரும் இல்லாதபோது" என்று நான் எழுதியது பொய். ஓர் அம்மா இருந்தார். காலையில் வருவார், இரவு நடை சாத்தும்போதுதான் போவார். கையில் தேவாரப் புத்தகம் இருக்கும். என்ன பக்தி என்று நாங்கள் எல்லோரும் வியந்திருக்கிறோம்.

தை மாதத்தில் ஒருநாள் பிற்பகல் ஒரு கோப்பை எடுக்கப் போனேன். மூன்றரை மணிக்கே இருண்டுகொண்டு வந்தது. மண்டபம் ஐஸ்பெட்டி போல இருந்தது. அந்த அம்மா மேற்சட்டையோடும் தொப்பியோடும், அணையா விளக்குக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் சுடருக்கு நேரே பிடித்தபடி இருந்தார்.

"அம்மா, இவ்வளவு குளிருக்குள்ளை ஏன் இருக்கிறியள்? வீட்டை கொண்டுபோய் விடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி, வீடு இதிலும் பார்க்கக் குளிர். மீற்றரிலை காசு போட்டால் இரண்டு நாளிலை முடிஞ்சிடுது. இஞ்சை சுவாமிக்கு விளக்கு எரியுதுதானே. அதுக்குப் பக்கத்திலை இருந்தால் எனக்குக் காணும்" என்றார்.

அவர் என்னில் குறை சொல்லவில்லை. ஹீற்றரை நிறுத்தியது யார் என்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டு கிழமைக்குப் பிறகு நெஞ்சுச் சளி முற்றி வைத்தியசாலையில் இருந்தார். மண்டபக் குளிர்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. என் மனம் சொன்னது. அவர் தேறி வந்துவிட்டார், இப்போதும் நம்மிடையே வருகிறார். அவரது அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாமென்றார்.

பிறகு அவரது வீட்டுக்குப் போய்க் காகிதங்களைப் பார்த்தேன். முன்கட்டண மீற்றர் வைத்த வீடு. கோடையில் எரிவாயு பாவிக்காவிட்டாலும் நாட்கட்டணம் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஐப்பசியில் முதல் குளிருக்குக் காசு போட்டபோது அதிற் பெரும்பகுதியைப் பழைய நிலுவை விழுங்கியது. பென்சன் கிறெடிற் எடுக்கவில்லை. "அரசாங்கத்திட்டைப் போய்க் கையேந்துறதோ" என்றார். வேறு நகரத்தில் இருக்கும் மகன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்பாராம். "எனக்கென்ன குறை, கோயிலும் கும்பிடுமாய் இருக்கிறன்" என்று இவர் சொல்லுவாராம். இதில் மகன் மேல் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. ஒவ்வொரு நாளும் கண்ட நானே கேட்கவில்லை.

எரிபொருள் வறுமை என்றால் என்ன?

இந்நாட்டில் இதற்கு ஒரு பெயர் உண்டு, சட்டமும் உண்டு. பிறெண்டா போட்மன் என்ற ஆய்வாளர் 1991இல் எழுதிய நூலில், வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருக்க வருமானத்தில் பத்திலொரு பங்குக்கு மேல் செலவிட வேண்டிய குடும்பம் எரிபொருள் வறுமையில் உள்ளது என்று வரையறுத்தார். 2000ஆம் ஆண்டில் இதனை ஒழிப்பதற்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இங்கிலாந்தில் 2021 தொடக்கம் வேறோர் அளவை பாவிக்கிறார்கள். வீட்டின் சக்தித் தரம் டீ அல்லது அதற்குக் கீழாக இருந்து, வீட்டுச் செலவும் எரிபொருட் செலவும் போக மிஞ்சும் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே போனால் அது எரிபொருள் வறுமை.

உயிரைப் பிணிப்பவை ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று என்பது சைவசித்தாந்தம். வீட்டைக் குளிரில் பிணிப்பவையும் மூன்று. குறைந்த வருமானம் ஒன்று. எரிபொருள் விலை மற்றொன்று. வெப்பம் நில்லாத வீடு மூன்றாவது. நம்மவர் பலர் வாழும் பழைய தொடர்வீடுகளின் சுவர் நடுவே இடைவெளி இல்லாத ஒற்றைச் சுவர். உள்ளே எரிப்பதெல்லாம் வெளியே போய்விடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைப்பது போன்றது.

விலையின் கதையையும் அறிந்திருத்தல் நல்லது. சராசரியாகப் பாவிக்கும் ஒரு வீட்டுக்கான ஆண்டுச் செலவு என்ற கணக்கில், 2021 ஒக்ரோபரில் உச்சவரம்பு 1,277 பவுண். 2022 ஏப்ரலில் அது 1,971 பவுண் ஆயிற்று. உக்ரேன் யுத்தத்தின் பின் மேலும் ஏறி, அவ்வாண்டு ஒக்ரோபரில் 3,549 பவுண் ஆக இருந்தது. அரசாங்கம் இடையிட்டு 2,500 பவுண் மட்டத்தில் நிறுத்தியது. அன்றைய உச்சம் பின்னர் இறங்கியது, ஆனால் 2021இல் இருந்த நிலைக்குத் திரும்பவில்லை. அந்நாட்களில் ஏறிய கடனைப் பல வீடுகள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

உச்சவரம்பு என்பதை ஒரு வீட்டின் மொத்தப் பில்லுக்கு மேல் எல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது அப்படியன்று. ஓர் அலகின் விலைக்கும் நாட்கட்டணத்துக்குமே எல்லை. அதிகம் பாவித்தால் அதிகம் கட்ட வேண்டும்.

குளிர் வெறும் அசௌகரியமன்று. வீட்டின் உள்வெப்பம் 18 பாகைக்குக் கீழே போகாதிருப்பது நல்லது என உலக சுகாதார நிறுவனம் 2018இல் கூறியது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் அதனிலும் கூடுதலாக வேண்டியிருக்கலாம். குளிர்ந்த வீட்டில் ஈரம் படியும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020இல் இறந்தது வீட்டுப் பூஞ்சணத்தினாலே என்று 2022இல் மரண விசாரணை முடிவு கூறியது. அக்குழந்தையின் பெயரில் அமைந்த சட்டம் 2025 ஒக்ரோபர் தொடக்கம் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. கவுன்சில் வீட்டிலோ வீடமைப்புச் சங்க வீட்டிலோ இருப்பவர்கள் பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். எழுத்தில் முறையிடுங்கள்.

எண்ணெய்க்குக் காசில்லாத நாயன்மார்

அடியார்களே, "எங்கள் வீட்டில் காசில்லை" என்று சொல்ல நாம் கூசுகிறோம். ஆனால் நாம் வரிசையாக வைத்துப் பூசிக்கும் அறுபத்துமூவரில் எரிபொருளுக்குக் காசில்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

கணம்புல்ல நாயனாரின் குருபூசை இந்தக் கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நட்சத்திரத்திலேதான் வருகிறது. செல்வராய் இருந்து திருவிளக்கேற்றினார். வறுமை வந்தபின் புல் அறுத்து விற்று நெய் வாங்கினார். ஒருநாள் புல் விலைபோகவில்லை. புல்லையே விளக்காக எரித்தார். அது போதாமற்போகத் தம் தலைமயிரையே சுடரில் மூட்டினார். திருவொற்றியூர்க் கலிய நாயனார் எண்ணெய் வாணிபக் குலத்தவர். எண்ணெய் வாங்க வழியற்றபோது விளக்கில் தம் குருதியையே நிரப்பத் துணிந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான்.

இவ்விரண்டு வரலாறுகளையும் பக்தியின் உச்சம் என்று நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் அன்று அந்த ஊரில் எண்ணெய் உள்ள வீடுகள் பல இருந்திருக்குமே. கலியருடைய தொழிலைச் செய்த உறவினர்களிடம் செக்குச் செக்காக எண்ணெய் இருந்தது. அவர்கள் கொடுக்காமல் விட்டபடியால்தான் இறைவனே வந்து கைபிடிக்க வேண்டியதாயிற்று. நாயனாரின் பெருமையைப் பாடிவிட்டு, அந்த உறவினர் இருந்த இடத்தில் நாம் இருக்கலாகாது.

கொடுப்பவனுக்கு உரிய இலக்கணத்தைப் பேகன் காட்டினான். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன் அவன். மயில் கேட்கவில்லை, கேட்க அதற்கு வாயுமில்லை. மயிலுக்குப் போர்வை எதற்கு என்று இன்றும் சிரிப்பவர் உண்டு. கேட்டால்தான் கொடுப்பேன் என்று இருப்பவன் கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே கொடுப்பான் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. நமது மண்டபத்தில் முருகப்பெருமானின் மயிலுக்குப் பட்டுச் சாத்துகிறோம். பக்கத்தில் நடுங்குபவரை யார் பார்ப்பது?

கேட்பது பிச்சையன்று, உரிமை

இந்நாட்டில் வேலை செய்து வரி கட்டியவர்கள் நாம். சட்டம் தருவதைப் பெறுவது இரத்தல் ஆகாது. கீழே சொல்பவை இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு உரியவை. ஸ்கொட்லாந்தில் சில முறைகள் வேறு.

பென்சன் வயதை அடைந்தோர் முதலில் பார்க்க வேண்டியது பென்சன் கிறெடிற். சொந்த வீடு இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். 10,000 பவுண் வரையிலான சேமிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. உரித்துடையவருக்கு மூன்று மாதம் வரை பின்னோக்கியும் கிடைக்கும். வாரத்துக்குச் சில பவுண்தானே என்று விட்டுவிடாதீர்கள். அது மற்றக் கதவுகளைத் திறக்கும் திறப்பு.

வோம் ஹோம் டிஸ்கவுன்ற் என்பது 2011இல் தொடங்கிய கழிவு. 150 பவுண் மின்சாரப் பில்லில் குறைக்கப்படும். 2025-26 குளிர்காலத்திலிருந்து, வருமானம் பார்த்து வழங்கும் உதவிகளைப் பெறும் குடும்பங்களுக்கு இது விரிவாக்கப்பட்டது. இங்கே நம்மவர் தவறும் இடம் ஒன்று உண்டு. உதவி பெறுபவரின் பெயரோ துணைவரின் பெயரோ பில்லில் இருக்க வேண்டும். அம்மா பென்சன் கிறெடிற் எடுக்க, பில் மகன் பெயரில் வந்தால் கழிவு தவறிப்போகும். இன்றே பில்லை எடுத்துப் பெயரைப் பாருங்கள்.

1997இல் தொடங்கிய வின்ரர் பியூவல் பேமன்ற் 2024இல் சிலருக்கு மட்டுமென்று குறைக்கப்பட்டது. 2025இல் மீண்டும் விரிவாக்கப்பட்டு, ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேற்பட்டவரிடம் மட்டும் வரியின் மூலம் திரும்பப் பெறும் முறை வந்தது. 2024இல் நின்றுவிட்டது என்று அத்தோடு மறந்தவர்கள் திரும்பப் பார்க்க வேண்டும். கோல்ட் வெதர் பேமன்ற் என்பது வேறு. தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பம் பூச்சியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால், உரித்துடைய குடும்பங்களுக்கு ஒவ்வொரு முறையும் 25 பவுண் தானாக வரும்.

முதியோர், நோயாளர், சிறுபிள்ளை உள்ள வீட்டார் மின்சார, எரிவாயுக் கம்பனியின் பிறயோரிற்றி சேர்விசஸ் றெஜிஸ்ரரில் பெயரைப் பதியலாம். கட்டணமில்லை. கம்பனியின் பிழையால் பில் வராமல் இருந்துவிட்டுப் பெருந்தொகை கேட்டால், பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய பாவனைக்கு அவர்கள் அறவிட முடியாது. இது 2018 தொடக்கம் உள்ள விதி. கடன் நெரித்தால் 2021இல் தொடங்கிய பிறீத்திங் ஸ்பேஸ் திட்டம் 60 நாள் ஆறுதல் தரும். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இவற்றுக்கெல்லாம் இலவச ஆலோசனை உண்டு. மீற்றர் காசு முடிந்து இருட்டில் இருப்பவர்கள் கம்பனிக்குச் சொன்னால் அவசரக் கடன் கேட்கலாம். மெழுகுதிரியோடு பேசாமல் இருந்துவிட வேண்டாம்.

விசாவில் அரச உதவிக்கு உரித்தில்லை என்று இருப்பவர்கள் எதற்கும் விண்ணப்பிக்குமுன் தகுதியுள்ள குடிவரவு ஆலோசகரைக் கேளுங்கள். அறியாமல் எடுத்த உதவி பின்னர் விசாவுக்கு இடைஞ்சலாகலாம். தொண்டு நிறுவனங்கள் தரும் உதவிக்கும், மேற்சொன்ன றெஜிஸ்ரரில் பதிவதற்கும் அந்தத் தடை இல்லை. அகதி அந்தஸ்துக் கிடைத்தோருக்கும் அந்தத் தடை இல்லை.

இன்னுமொன்று. குளிருக்குக் கரிச்சட்டியை வீட்டுக்குள் எரிப்பதும், சமையல் அடுப்பைத் திறந்துவிட்டு அறையைச் சூடாக்குவதும் வேண்டவே வேண்டாம். மணமும் நிறமும் இல்லாத கார்பனோரொட்சைட்டு நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

வாடகைக்கு விடும் அடியாருக்கு

நான் இந்நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் நம்மவர் ஒருவரின் வீட்டில் அறையெடுத்து இருந்தேன். ஹீற்றர்ப் பொத்தான் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. இரவில் ஒரு மணித்தியாலம் எரியும். மின்சாரத்துக்கு அவர் தாம் கட்டுவதிலும் கூடுதலாக எங்களிடம் வாங்கினார் என்பது கணக்கு எழுதத் தொடங்கியபின்தான் எனக்கு விளங்கியது. அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. அவரும் கடனில் வீடு வாங்கி இரண்டு வேலை செய்தவர். ஆனால் தாம் கட்டிய விலைக்கு மேல் வாடகையாளருக்கு மின்சாரத்தையோ எரிவாயுவையோ விற்பது விதிக்கு மாறானது. சக்தித் தரம் ஈக்குக் கீழான வீட்டை வாடகைக்கு விடுவதும், விலக்குப் பெற்றாலன்றி, 2020 தொடக்கம் அனுமதிக்கப்படுவதில்லை. சட்டத்தை விடுங்கள். நம் சபையில் கும்பாபிஷேகத்துக்குப் பெருந்தொகை எழுதியவர்கள் பலர் வீட்டுச் சொந்தக்காரர்கள். உங்கள் வீட்டில் இருக்கும் மாணவனின் அறையில் மேற்கூரைக்குக் கீழே வெப்பத்தடுப்பு உண்டா என்று இந்தக் கிழமை ஏறிப் பாருங்கள். மாறனார் தம் கூரையைப் பிரித்து விருந்தினரைச் சூடாக்கினார். நாம் கூரையைத் திருத்திக் கொடுத்தாற் போதும்.

சபை எடுத்த முடிவு

வைத்தியசாலையில் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, நான் எழுதிய தீர்மானத்தை நானே திரும்பப் பெறும்படி சபையில் கேட்டேன். எதிர்ப்பும் இருந்தது. கோயில் என்ன மடமா என்று ஒருவர் கேட்டார். ஊரில் பெருங்கோயில்களின் பக்கத்தில் மடம் இருந்தது, யாத்திரிகர் தங்கினர், நாம் இங்கே மடத்தைக் கட்டாமல் கோயிலை மட்டும் கட்டினோம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் சொன்னார். செலவுக்கு வழி என்ன என்று இன்னொருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. கணக்காளனாகிய நான் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். திருவிழா மலரின் வர்ண அட்டையை விட்டோம். பரிசாகக் கொடுக்கும் பொன்னாடைகளை விட்டோம். மிச்சத்துக்கு உபயகாரரைத் தேடினோம்.

அன்று தொடக்கம் குளிர்காலத்தில் மத்தியானப் பூசையிலிருந்து மாலைப் பூசை வரை மண்டபம் சூடாகத் திறந்திருக்கிறது. தேநீர் உண்டு. வருபவர் எவரிடமும் ஏன் வந்தீர் என்று கேட்பதில்லை. பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடத்தைக் கொண்டு வருபவரும் உண்டு, இளைப்பாற வருபவரும் உண்டு. யார் குளிருக்காக வந்தவர், யார் கும்பிட வந்தவர் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் பக்கத்து அறையில் படிவம் நிரப்ப நான் இருப்பேன். பில்லையும் பென்சன் கடிதத்தையும் கொண்டு வாருங்கள். கதவு சாத்தியிருக்கும். அங்கு பேசியது அங்கேயே இருக்கும்.

அந்த அம்மாவின் பென்சன் கிறெடிற் விண்ணப்பத்தையும் அந்த அறையில்தான் நிரப்பினோம். கையெழுத்துப் போட மூன்று கிழமை யோசித்தார். கடைசியில் போட்டார். முதற் கொடுப்பனவு வந்ததும் உண்டியலில் ஐந்து பவுண் போட்டார் என்று ஐயர் சொன்னார். வேண்டாமென்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுப்பதும் ஒரு சூடு.

ஆகவே இந்த விளக்கீட்டில் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். வீட்டு விளக்கை ஏற்றுமுன் தனியே இருக்கும் ஒருவருக்குத் தொலைபேசி எடுங்கள். "சுகமா?" என்று கேட்க வேண்டாம், "சுகம்" என்றுதான் பதில் வரும். "இப்ப ஹீற்றர் போட்டிருக்கிறியளோ?" என்று கேளுங்கள். இரண்டாவது, குளிரால் வருந்துபவர் நீங்களாயின், அணையா விளக்கில் கை காய்ச்சிக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். எங்களில் ஒருவரின் தோளைத் தட்டிச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது எங்களுக்கும் ஓர் அருள்.

ஜாம் போத்தலைச் சுற்றி இருந்த ஆறு பேரும் இன்று ஆறு நாட்டில் இருக்கிறோம். ஆறு பேரும் கரையேறினோம். அந்தப் போத்தலுக்கு எண்ணெய் விட்ட என் தாயிடம் மிச்சக் கணக்கு இருந்ததில்லை.

எல்லார் வீட்டிலும் தீபமும் அடுப்பும் எரிய எம்பெருமான் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.